தோடு கேட்ட பேச்சு

எங்கள் தெருவில் தங்கம் பேச ஆரம்பித்த அன்று குழாயில் தண்ணீர் வந்தது, பால்காரர் நேரத்துக்கு வந்து போனார், கரண்டும் போகவில்லை, இப்படி ஒன்று நடக்கப் போகிறது என்று ஒரு காக்காய்கூடக் கத்தவில்லை. தமயந்தி எப்போதும்போலக் கரியடுப்பின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூசை என்று நாங்கள் சொல்லும் சின்ன மண்கிண்ணத்தில் ஒரு ஜோடி பழைய தோட்டைப் போட்டு, ஊதுகுழலை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். தங்கம் சிவந்து, மஞ்சளாகி, ஓரம் இளகத் தொடங்கியதும் அதற்குள்ளிருந்து ஓர் ஆண்குரல் சாவகாசமாக, "சோத்துல கல்லு கெடக்குது பாரு" என்றது.

தோட்டைக் கொண்டுவந்தவர் வடவள்ளியில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். இறந்துபோன மனைவியின் தோட்டை உருக்கிப் பேத்திக்கு மோதிரம் செய்து தரச் சொல்லி வந்தவர். அது தன் குரல்தான் என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் ஸ்டூலில் முன்னுக்கு நகர்ந்து, கழுத்தை நீட்டிக்கொண்டு, அடுத்தது வரும் அடுத்தது வரும் என்று காத்திருந்தார். அடுத்ததும் வந்தது. "கதவச் சாத்து." அதன்பிறகு தங்கம் முழுதாக உருகிப் பளபளத்து அமைதியாகிவிட்டது.

"வேற ஒண்ணும் இல்லீங்களா?" என்று கேட்டார் அவர். ஒரு ஆயுள் முழுக்க மனைவியிடம் பேசிய மனிதர், ரேஷன் கடையில் அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்லப்பட்டவர் மாதிரி கேட்டார். தமயந்தி குழலை வாயிலிருந்து எடுத்து, இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

நான் எதிர்க்கடையில் நகைக்குப் பாலிஷ் போடுகிறவன். கோயம்புத்தூரில் தெலுங்குபாளையம் பக்கம் இருக்கும் இந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு பட்டறைதான், ஆனாலும் தமயந்தியின் பட்டறை தனி ரகம். ஒரு பெரிய நகைக்கடையின் தொழிற்கூடத்தில் ஒரே மாதிரி வளையல்களை வருஷக்கணக்கில் செய்து செய்து அலுத்துப்போய், ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்து, வீட்டின் முன்னறையில் தனியாக உட்கார்ந்தவள் அவள். கேட்லாக் கிடையாது. ஆர்டர் கொடுக்க யார் வந்தாலும் முதலில் ஒரே கேள்விதான் கேட்பாள். உங்கள் வீட்டில் எந்தச் சாமான் காணாமல் போனால் அழுவீர்கள்? சிலர் சிரிப்பார்கள், சிலர் முறைப்பார்கள், பிறகு சொல்லிவிடுவார்கள். அதை அவள் தங்கத்தில் செய்து கொடுப்பாள். பஸ் கண்டக்டரின் மனைவிக்கு விசில் மாதிரி டாலர், ஒரு டீச்சருக்குச் சாக்பீஸ் துண்டு மாதிரி ஜிமிக்கி, பிரியாணி மாஸ்டரின் மகளுக்குக் கரண்டிக் காம்பு வளைந்து வருகிற மாதிரி, மேல்கையில் போடும் ஒரு வங்கி. அப்பாவின் சைக்கிள் பெல் என்று சொல்லிவிட்டு ஒருத்தி அங்கேயே உட்கார்ந்து அழுதாள், அவளுக்கு ஒரு மூக்குத்தி. இப்படி ஊரே அழக்கூடிய சாமான்களை எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தவள் அதிகம் பேசமாட்டாள். கேஸ் டார்ச் வைத்திருந்தாள், ஆனால் நுணுக்கமான பற்றவைப்புக்கு வாயால் ஊதினால்தான் தீ சொன்னபடி கேட்கும் என்பாள். குழல் வாயில் இருக்கும்போது எப்படிப் பேசுவது?

தலைமையாசிரியர் மோதிரத்தை வாங்கிக்கொண்டு போன பிறகு சங்கதி மெல்லப் பரவியது. தோடு, கம்மல், ஜிமிக்கி என்று காதில் கிடந்ததெல்லாம் பேசியது. வளையலும் சங்கிலியும் பேசவில்லை. காதில் விழுந்த எல்லாமும் வராது, போட்டிருந்தவர் மனதில் தங்கிப்போனது மட்டும்தான் வரும். ஒருதடவை உருக்கினால் அதோடு சரி, அதன்பிறகு அது வெறும் தங்கம். மற்ற பட்டறைக்காரர்களும் உருக்கிப் பார்த்தார்கள், பேசவில்லை. அதற்காக யாரும் பொறாமைப்படவில்லை, வேலை நேரத்தில் பேச்சு எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

செத்துப்போனவர்களின் குரலைக் கேட்கலாம் என்று நினைத்து ஜனங்கள் வந்தார்கள், பொள்ளாச்சியிலிருந்தும் மேட்டுப்பாளையத்திலிருந்தும் வேன் பிடித்து வந்தார்கள், பூவும் பழமும் வாங்கிக்கொண்டு கோயிலுக்கு வருகிற மாதிரி வந்தார்கள். வந்தவர்களுக்குக் கிடைத்தது அவரவர் குரல். காது கேட்டதைத்தானே தோடு சொல்லும், போட்டிருந்தவள் சொன்னதை எங்கே போய்த் தேடுவது? ஒரு வீட்டு மருமகள் மாமியாரின் கம்மலைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள், "இன்னும் எத்தன நாளைக்கோ" என்று அவள் குரலே வந்தது, அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தங்கத்தை வாங்காமலே போய்விட்டாள். இன்னொரு வீட்டு மகன் தன் அம்மாவின் தோட்டைக் கொடுத்தான். அதில் அம்மா அம்மா என்பது தவிர வேறு வார்த்தையே இல்லை, மழலையில் அம்மா, காய்ச்சலில் அம்மா, குரல் உடைந்த வயசில் அம்மா, வெளிநாட்டிலிருந்து போனில் அம்மா. அவன் அந்தத் தங்கத்தை எதுவும் செய்யவேண்டாம் என்று சொல்லி, ஒரு மணியாகவே கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனான்.

எதற்கும் பழகிவிடுகிற ஊர் இதற்கும் பழகியது. புருஷன் பெண்டாட்டி சண்டையில் "தோட்டக் கழட்டி வெச்சுட்டு வாடி, பேசிக்கலாம்" என்று சொல்வது வழக்கமாயிற்று. காலையில் பஸ் ஏறுமுன் மனைவியின் காதருகே குனிந்து எதையாவது நல்லதாகச் சொல்லிவிட்டுப் போகிற ஆம்பிளைகளை நாங்கள் பார்த்தோம், அவர்களில் பாதிப் பேர் என்ன சொல்வதென்று தெரியாமல் "சாயங்காலம் வந்துர்றேன்" என்றே சொன்னார்கள். கல்யாண வீட்டில் பெண்ணுக்குத் தோடு போட்டுவிட்டு, முதல் வார்த்தை யார் சொல்வது என்று அத்தைகளுக்குள் போட்டி வந்தது. மாரியம்மன் கோயில் கமிட்டியில் ஒருவர் அம்மனின் காதுத் தோட்டை உருக்கிப் பார்க்கலாமே என்றார். அத்தனை பேர் வேண்டுதலும் வெளியே வந்தால் யார் உட்கார்ந்து கேட்பது என்று மற்றவர்கள் எழுந்துபோய்விட்டார்கள்.

கேட்டது தமயந்திதான். உருக்க வந்தவர்கள் தாங்காமல் எழுந்து வெளியே ஓடலாம், அவள் ஓட முடியாது. ஊதுவதை நிறுத்தினால் தங்கம் இறுகிவிடும், பேச்சு பாதியில் விக்கி நின்றுவிடும், மறுபடி சூடேற்றினாலும் அது வராது. அதனால் யார் வீட்டு வசவையும் யார் வீட்டுக் கொஞ்சலையும் கன்னம் புடைக்க ஊதிக்கொண்டே, ஒரு வார்த்தை பதில் சொல்ல முடியாமல், கடைசிவரை கேட்டாள். வேலை முடிந்து டீ குடிக்க என் கடைக்கு வரும்போது அவள் முகம் அடிவாங்கியதுபோல இருக்கும்.

அவள் வீட்டு அலமாரியிலும் ஒரு ஜோடி தோடு இருந்தது. மகள் தாரணியுடையது. தாரணிக்கு அஞ்சு வயசாகும்போது, வாடிக்கையாளரிடம் கேட்கிற அதே கேள்வியைத் தமயந்தி அவளிடமும் கேட்டாளாம். மழை பெய்தால் மண்ணிலிருந்து வருகிற சிவப்புப் பட்டுப்பூச்சி காணாமல் போனால் அழுவேன் என்றது குழந்தை. நெல்மணிக்குக் கொஞ்சம் பெரிதாய், முதுகில் கெம்புக்கல் பதித்து, எட்டுக் காலும் தெரிகிற மாதிரி இரண்டு பூச்சி செய்து காதில் போட்டாள். காலேஜ் போகிற வயசிலும் தாரணி வேறு எதையும் போட்டுக்கொள்ளவில்லை. அப்பன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டதால், அம்மாவும் மகளும் மட்டும்தான் அந்த வீட்டில்.

தாரணி செத்து மூன்று வருஷமாகிறது. சிங்காநல்லூர் சிக்னல் தாண்டி, காலேஜுக்குப் போகிற வழியில், ஸ்கூட்டியை ஒரு லாரி தட்டிவிட்டது. தமயந்தி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது, ஒரு பஞ்சுப்பொதியில் வைத்து அந்தத் தோட்டைத்தான் கையில் கொடுத்தார்கள். அன்று காலை தாரணி பட்டறை வாசலில் வந்து நின்று "அம்மா" என்று கூப்பிட்டிருக்கிறாள். தமயந்தி ஒரு மெல்லிய வேலையில், தங்கத்தை ஒட்டவைக்கும் பற்றாசு உருகி ஓடுகிற நேரத்தில் ஊதிக்கொண்டிருந்தாள், நிறுத்தினால் கல் வெடித்துவிடும். திரும்பாமல் இடது கையை மட்டும் தூக்கி, இரு என்று காட்டினாள். பெண் கொஞ்சநேரம் நின்றாள். பிறகு ஸ்கூட்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

என்ன சொல்ல வந்தாள் என்பதுதான் தமயந்தியைத் தின்றது. யாரையாவது விரும்பினாளோ, பரீட்சையில் போய்விட்டதோ, எவனாவது பின்னால் சுற்றிப் பயமுறுத்தினானோ என்று என்னிடமே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள், எனக்கென்ன தெரியும். தங்கம் பேச ஆரம்பித்த பிறகு தெருவே அவளைப் பார்த்து, உன் பிள்ளையின் தோட்டையும் உருக்கிப் பாரேன் என்றது. அவள் அலமாரியைத் திறக்கவே இல்லை. ஒருநாள் என்னிடம் காரணத்தைச் சொன்னாள்.

"அதுல எம்பேச்சு ஒண்ணுகூட இருக்காதுங்ண்ணா. நான் எங்க பேசுனேன், ஊதிக்கிட்டே இருந்தேன். ஊர்ல எல்லாருக்கும் திட்டாவது வருது. எனக்கு அதுவும் வராது."

அவளை அசைத்தது ஒரு பேங்க் லாக்கர். கவுண்டம்பாளையத்திலிருந்து ஒரு பெண், அக்காவின் கம்மலைப் பலகாலம் லாக்கரிலேயே வைத்திருந்துவிட்டுக் கொண்டுவந்தாள். உருக்கினால் பேச்சு வரவில்லை, தூரத்தில் மழை பெய்கிற மாதிரி ஒரு முனகல் மட்டும் வந்தது. யார் காதிலும் இல்லாமல் சும்மா கிடந்தால் பேச்சு தேய்ந்துபோகும் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அந்தப் பெண் போனதும் தமயந்தி பட்டறைக் கதவைச் சாத்தினாள். மறுநாள் காலை தெருவைக் கடந்து வந்து, கூட வந்து உட்காருங்கண்ணா, தனியாகக் கேட்க முடியாது என்றாள்.

ஊசியால் கெம்புக்கற்களைத் தூக்கி எடுத்தாள், திருகாணியைக் கழற்றினாள், இரண்டு பூச்சியையும் மூசையில் வைத்தாள். வைத்த பிறகு கொஞ்சநேரம் விரலை எடுக்கவில்லை. அப்புறம் கரியைக் கூட்டி, குழலை வாயில் வைத்து ஊதினாள். தங்கம் சிவந்தது, மஞ்சளானது, ஓரம் இளகியது. பேச்சில்லை. உஸ்ஸ் என்று அவள் ஊதும் சத்தம் மட்டும் அறைமுழுக்க இருந்தது, நீளமாக, விட்டுவிட்டு, மறுபடி நீளமாக. அவள் சொன்னது சரிதான், ஒன்றும் இல்லை என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். மூச்சு வாங்குவதற்காக அவள் ஒரு நொடி உதட்டைக் குழலிலிருந்து எடுத்தாள். சத்தம் நிற்கவில்லை.

அது மூசைக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. அந்தப் பிள்ளை தரையில் விளையாடிக்கொண்டு கேட்டு, முதுகில் சாய்ந்துகொண்டு கேட்டு, மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு கேட்டு, கேட்டுக்கொண்டே தூங்கிப்போன அம்மாவின் மூச்சு, ஒரு வார்த்தையும் இல்லாத வெறும் மூச்சு, அத்தனை வருஷத்து மூச்சும் அங்கே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. தமயந்திக்கு அழ வழியில்லை, மறுபடியும் குழலைக் கவ்விக்கொண்டு, கண்ணிலிருந்து தண்ணீர் கரியில் விழுந்து புகைய, தன் மூச்சோடு தன் மூச்சைச் சேர்த்து ஊதினாள்.

பிறகு யாரோ ஒரு தோழி "தாரூ" என்று கூப்பிட்டுச் சிரித்தாள். கடைசியாக, சுவரில் மாட்டியிருந்த கொறடுகள் அதிரும்படி ஒரு பெண்ணின் குரல் கத்தியது.

"கண்ணு, அம்மா வந்துட்டேன். இங்கதான் இருக்கறேன். ஆ காட்டு சாமி. ஆ காட்டு."

அதோடு தங்கம் உருகிப் பளிச்சென்று ஒரு பொட்டாக நின்றது. அது தமயந்தியின் குரல் இல்லை. எங்கள் இருவருக்கும் தெரிந்த யாருடைய குரலும் இல்லை.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. எம்பிள்ளைக்கு அம்மா என்று சொல்லிக்கொள்ள அவள் யார் என்று கேட்டாள். கொஞ்சநேரம் கழித்து, சாகக்கிடக்கிற பிள்ளையிடம் எதற்கு ஆ காட்டச் சொன்னாள், மருந்து கொடுத்தாளா, என்ன கொடுத்தாள் என்று கேட்டாள். அதற்கப்புறம் அவளை வீட்டில் உட்காரவைக்க முடியவில்லை. என் வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டாள்.

சிங்காநல்லூரில் சிக்னல் பக்கம் பூக்கடை, பழக்கடை, ஆட்டோ ஸ்டாண்ட் என்று வரிசையாகக் கேட்டோம். விபத்து யாருக்கும் நினைவில்லை, அந்த இடத்தில் விபத்துக்கா பஞ்சம். ஆனால் ரொம்பச் சத்தமாகப் பேசுகிற ஒரு அம்மா என்றதும் ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். மில்லுத் துளசிமணியக்காவைக் கேட்கிறீர்களா என்று, ரோட்டோரத்தில் அவிச்ச கடலை வண்டியோடு நிற்கிறவளைக் கைகாட்டினார்.

அறுபது வயசிருக்கும். பக்கத்து நூற்பு மில்லில் மெஷின்களுக்கு நடுவே வேலை பார்த்துப் பார்த்துக் காது போய்விட்டது, பிறகு மில்லும் மூடிவிட்டார்கள். தன் குரல் தனக்கே கேட்காததால் எதைச் சொன்னாலும் தெருவுக்கே சொன்னாள். நான் பேச ஆரம்பித்ததும் தமயந்தியை என் முன்னால் இழுத்து நிறுத்தினாள்.

"நீ பேசு அம்மிணி. மெதுவா. ஒதட்டப் பாக்கோணும். மில்லுச் சத்தத்துல நாங்க அத்தன பேரும் ஒதட்டப் பாத்துத்தான் பேசிக்குவம்."

தமயந்தி சொன்னாள். லாரி, ஸ்கூட்டி, நீலச் சுடிதார், காதில் சிவப்புக் கல் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். துளசிமணி கடலை அள்ளுகிற கரண்டியைக் கீழே வைத்தாள். அவளுக்கு மறக்கவில்லை. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போகும்போது அவள்தான் மடியில் வைத்திருந்தாளாம். பிள்ளை அம்மா அம்மா என்றே உதட்டை அசைத்ததால், வேறு வழி தெரியாமல், நான்தான் அம்மா என்று சொல்லிவிட்டாளாம். தப்பாக எடுத்துக்காதே அம்மிணி என்று தமயந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எதற்கு ஆ காட்டச் சொன்னீர்கள் என்று தமயந்தி கேட்டாள்.

"காலைல இருந்து ஒண்ணும் திங்கலயாட்ட இருக்குது அம்மிணி. 'அம்மா பசிக்குது'ன்னுச்சு. சத்தம் வந்துச்சா வல்லையான்னு எனக்குத் தெரியாது, ஒதடு அதத்தான் சொல்லுச்சு. எங்கைல என்ன இருக்குது? வெறுங்கையக் குவிச்சு வாய்கிட்டக் கொண்டுபோயி ஆ காட்டுன்னேன். காட்டுச்சு. மென்னுச்சு."

தமயந்தி அங்கேயே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அன்று காலை வீட்டில் அடுப்பே பற்றவைக்கவில்லை, பற்றாசு ஓடி முடிந்ததும் எழுந்து நாலு தோசை ஊற்றலாம் என்று நினைத்திருந்தேன் என்று என்னிடம் சொன்னாள். காதல் என்றும் பரீட்சை என்றும் எவனோ ஒருத்தன் என்றும் மூன்று வருஷமாக அவள் அடுக்கி வைத்திருந்ததெல்லாம் ஒன்றுமில்லாமல் போய்விட்டது. வாசலில் வந்து நின்ற பிள்ளைக்குப் பசித்திருக்கிறது, அவ்வளவுதான். அதைவிடப் பெரிதாக ஏதாவது இருந்திருக்கக் கூடாதா என்று எனக்கு அப்போது இருந்தது. பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின.

கொஞ்சநேரம் கழித்துத் தமயந்தி முகத்தைத் தூக்கி எதையோ கேட்டாள். குரல் வரவில்லை, பக்கத்திலிருந்த எனக்கே ஒன்றும் கேட்கவில்லை, உதடு மட்டும் அசைந்தது. துளசிமணி அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து அந்த உதட்டை உற்றுப் பார்த்தாள். பிறகு ரோட்டுக்கு அந்தப்பக்கம் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்க்கும்படி பதில் சொன்னாள்.

"ரொம்புச்சு அம்மிணி. வயிறு ரொம்பித்தான் போச்சு. போதும்னு தலைய ஆட்டிட்டுத்தான் கண்ண மூடுச்சு."

அது நிஜமா என்று தமயந்தி கேட்கவில்லை.